கதவு பூட்டிய முப்பத்திரண்டு வீடுகள்

மீட்டர்காரர் ஒரு வீட்டின் முன் நின்றால் மணியை ஒருமுறைதான் அடிப்பார். அடித்த கையோடு இரண்டடி பின்வாங்கி, கதவுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொள்வார். திறக்கிறவரின் முகம் அவர் கண்ணில் படாது. அவருடைய காதுதான் திறக்கிறவர் கண்ணில் படும். வலது கையில் மூடி கழற்றிய பேனா இருக்கும். உதடு அசையாமல் முப்பது வரை எண்ணுவார். அதற்குள் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் சரி. கேட்காவிட்டால் நோட்டைப் பிரித்து, அந்த வீட்டு எண்ணுக்கு நேரே 'க.பூ.' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவார். க.பூ. என்றால் கதவு பூட்டு.

முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்மீட்டரில் அளவு எடுத்த மனிதர் அவர். மீட்டர் பெட்டி கதவில் இருக்காது, பக்கத்துச் சுவரில் இருக்கும். கதவைத் திறக்கிறவர்கள் பாதி சவரத்தில் இருப்பார்கள், தலையில் சாயம் தடவிக்கொண்டு இருப்பார்கள், அழுதுகொண்டுகூட இருப்பார்கள். நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று வேலையில் சேர்ந்த புதிதில் அவராகவே முடிவுசெய்துகொண்டது. ஓய்வு பெற்று, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆன பிறகும் உடம்பு அப்படியேதான் நின்றது.

செயலாளர் ஆனது ஒரு விபத்து. பொதுக்குழுவில் அந்தப் பதவிக்கு யார் வருகிறீர்கள் என்று தலைவர் கேட்ட நேரத்தில், தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி இவர் கையைத் தூக்கினார். எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். கைதட்டின பிறகு விசிறியைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது.

குடியிருப்பில் நூற்றுப் பதினெட்டு வீடுகள். நாலு வரிசைத் தனி வீடுகளும் மூன்று மாடிக் கட்டடங்களும். சுற்றிலும் ஆள் உயரச் சுவர். முன்கேட் கடைவீதிப் பக்கம். பின்கேட் பெரிய சாலைப் பக்கம், அதற்கு எதிரிலேயே பஸ் நிறுத்தம். கடைசிக் கட்டடத்திலிருந்து பின்கேட் வழியாக நிறுத்தத்துக்கு மூன்று நிமிஷம். முன்கேட் வழியாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு போனால் இருபத்திரண்டு நிமிஷம். இரண்டையும் கடிகாரம் வைத்து நடந்து பார்த்தவர் மீட்டர்காரர்தான். ஆனால் அது பிற்பாடு.

சங்கத்துக்கு ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. அதன் முன்னால் யாரோ ஒரு பழைய வேனை நிறுத்திவிட்டு மறந்துபோனார்கள். வேனுக்கும் பலகைக்கும் நடுவில் ஒல்லியாக இருக்கிறவர்கள் மட்டும் அறிவிப்பைப் படிக்கலாம். வாட்ஸப் குழு ஒன்று உண்டு. அறுபத்துநாலு பேர். காலையில் பூப்படம், சாயங்காலம் சூரியன் மறைகிற படம். நடுவில் 'நாளை தண்ணீர் வராது' என்று மீட்டர்காரர் போட்டால் ஒன்பது பேர் பார்ப்பார்கள். மறுநாள் மற்ற ஐம்பத்தைந்து பேரும் 'ஏன் தண்ணீர் வரவில்லை' என்று அதே குழுவில் கேட்பார்கள். அதனால் அவர் பலகையையும் நம்பவில்லை, போனையும் நம்பவில்லை. தன் கால்களைத்தான் நம்பினார். எதுவானாலும் பத்து மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டுப் பன்னிரண்டுக்குத் திரும்புவார். அது அவருடைய பழைய வேலை நேரம்.

பின்கேட் விவகாரமும் அப்படித்தான் அவர் கைக்கு வந்தது. பெரிய சாலையின் சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் பின்கேட்டில் நுழைந்து, குடியிருப்புக்குள் புகுந்து, முன்கேட்டில் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு வண்டி, ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவரின் கால் கட்டைவிரல் மேல் ஏறி இறங்கியது. சங்கத் தலைவர் கொதித்தெழுந்தார். தலைவர் முன்பு பள்ளி ஆய்வாளராக இருந்தவர். யாரைப் பார்த்தாலும் சிவப்பு மையால் திருத்தப்போகிறவர் மாதிரியே பார்ப்பார். "பூட்டிடுவோம்" என்றார். எல்லா வீட்டிலும் எழுதி வாங்கிக் கொடுத்தால் பூட்டிவிடுகிறோம் என்றது வார்டு அலுவலகம்.

மீட்டர்காரர் மூன்று நாள் நடந்தார். எண்பத்தாறு வீட்டில் கையெழுத்து விழுந்தது. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர்களுக்கு வண்டிச் சத்தம்தான் தலைவலி. ஒருவர்கூட மறுக்கவில்லை. மீதி முப்பத்திரண்டும் மூன்று நாளும் க.பூ.

தப்பு நடந்தது இந்த இடத்தில்தான். அவருடைய பழைய அலுவலகத்தில் பூட்டிய வீட்டுக்கு ஒரு விதி இருந்தது. மூன்று முறை போயும் கதவு திறக்காவிட்டால் சராசரியைப் போட்டுவிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் அடுத்த முறை நேராக்கிக்கொள்ளலாம். முப்பத்தாறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அப்படிப் போட்டிருக்கிறார். யாரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. எண்பத்தாறுக்கு எண்பத்தாறும் சம்மதம் என்றால், சராசரி சம்மதம். முப்பத்திரண்டு கட்டத்திலும் 'சம்மதம்' என்று தன் அழகான கையெழுத்தில் எழுதினார். அவர் மனசு உறுத்தவில்லை. அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினார் என்பதற்கு அவர் மனைவி சாட்சி.

நூற்றுப் பதினெட்டு வீடும் ஒருமனதாக ஒப்புக்கொண்டதாகக் கடிதம் போனது. மாசம் பிறந்த அன்று பின்கேட்டில் உள்ளங்கை அகலப் பூட்டு தொங்கியது.

நாலாம் நாள், வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டு மணி அடித்தது. வாசலில் நின்ற பெண்ணுக்கு முப்பத்தெட்டு, நாற்பது வயசு இருக்கும். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தின் நீல மேலங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். அங்கே நோயாளிகளுக்குக் காலைச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குவது அவர் வேலை. விடியற்காலை பஸ்ஸில் போகிறவர்கள் அவரை ட்ரே அக்கா என்பார்கள். மீட்டர்காரருக்கு அந்தப் பெயர் மட்டுமல்ல, அந்த முகமும் அன்றுதான் தெரியும்.

"செயலாளர் வீடு இதுதானே சார்?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"நான் சி பிளாக், மூணாவது மாடி, கடைசி வீடு. கேட்டைப் பூட்ட நாங்களும் சம்மதம்னு எழுதியிருக்கீங்களாம். வார்டு ஆபீஸ்ல பேப்பரைக் காட்டுறாங்க. நாங்க எப்போ சார் சொன்னோம்?"

மீட்டர்காரர் நோட்டைக் கொண்டுவந்து பிரித்தார். "மூணு நாள் வந்தேம்மா. கதவு பூட்டியிருந்தது."

"பூட்டலையே. உள்ள ரெண்டு ஆம்பளைங்க படுத்திருந்தாங்க."

"பெல் அடிச்சேனே."

"பெல்லுக்கு ஒயரைப் பிடுங்கி விட்டிருக்கோம் சார். எங்க வீட்டுக்காரர் ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகல்லதான் தூங்கணும். மாமனார் ஒன்றரை வருஷமா படுக்கை. அவரால எழுந்து வர முடியாது. நீங்க தட்டியிருந்தா இவராவது எழுந்திருப்பார்."

தட்டும் பழக்கம் மீட்டர்காரருக்கு இல்லை.

ட்ரே அக்கா கோபப்படவில்லை. வரிசையாகச் சொன்னார். மாமனாரைத் தனியாக விடக் கூடாது. புருஷன் வேலை முடிந்து ஐந்து மணிக்குள் வந்துவிடுவார். அவர் உள்ளே வர, இவர் வெளியே போக, இருவரும் பார்த்துக்கொள்வது ஒரு நாளைக்கு ஏழு நிமிஷம். ஐந்து பதினைந்துக்கு முதல் பஸ். அதை விட்டால் ஐந்து ஐம்பது. வேலை ஆறு மணிக்கு. கேட் பூட்டியதில் புருஷன் வருவதும் இருபது நிமிஷம் தள்ளிப்போனது, இவர் போவதும் இருபது நிமிஷம் தள்ளிப்போனது. மூன்று நாளில் வருகைப் பதிவேட்டில் மூன்று சிவப்புக் குறி விழுந்துவிட்டது. தற்காலிக ஆட்களுக்கு ஒரே மாசத்தில் நாலு குறி விழுந்தால் ஒப்பந்தம் நீடிக்காது.

"இன்னைக்கு எப்படிப் போனீங்க?"

"கொழுந்தன் வந்திருக்கான். வண்டியில கொண்டு விட்டான். அடுத்த வாரம் கடைசி வரைக்கும் இருப்பான். அதுக்கப்புறம் நீங்கதான் சார் சொல்லணும்."

அவர் போன பிறகு மீட்டர்காரர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மனைவி வந்தார்.

"முப்பத்திரண்டு வீட்டுக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்களா?"

"சொல்லல. சராசரி போட்டேன்."

"நம்ம வீட்டுக்கும் அதானா? என்னையும் நீங்க கேக்கலையே."

"நீ வேணாம்னா சொல்லப் போற?"

"சொல்லியிருப்பேனான்னு எனக்கும் தெரியல. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலை அவர் வார்டு அலுவலகத்துக்குப் போனார். உதவிப் பொறியாளர் கோப்பைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "நூத்திப் பதினெட்டுக்கு நூத்திப் பதினெட்டு வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது சார். என் வீட்ல இருக்கிறதே நாலு பேரு. எந்த டிவி சேனல்னு இதுவரைக்கும் ஒத்துப்போனதில்ல." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பூட்டு தற்காலிகம்தான். அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்து அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைக்கப்போகிறார்கள். உத்தரவு போய்விட்டது. நிறுத்த வேண்டுமானால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் புதுப் பட்டியல் வேண்டும், சங்கத் தலைவரின் கையெழுத்தோடு. கூடவே, பழைய பட்டியல் தவறு, எப்படித் தவறு என்று செயலாளர் கைப்பட எழுதிய கடிதமும் வேண்டும்.

புதுப் பட்டியல் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. அந்தக் கடிதம்தான் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. வேலையில் இருந்த காலத்தில் ஒரு விளக்கக் கடிதம்கூடக் கொடுத்தறியாதவர். அந்த முப்பத்திரண்டு வீட்டை மட்டும் சத்தமில்லாமல் சரிக்கட்டிவிடலாமா என்று யோசித்தபடி, சனிக்கிழமை ட்ரே அக்கா வீட்டுப் படியேறினார். இந்த முறை மெதுவாகத் தட்டினார்.

"முப்பத்திரண்டு மட்டும் போதாது சார்" என்றார் ட்ரே அக்கா. "கையெழுத்துப் போட்ட வீட்டுலேயும் யாரைக் கேட்டீங்க? பத்து மணிக்கு வீட்ல இருக்கிறவங்களை. அவங்க அந்த கேட் பக்கமே போறதில்ல. போறவங்க எல்லாம் அஞ்சு மணிக்கே ஓடிடுறோம்."

"அப்போ அஞ்சு மணிக்கு வீடு வீடா வரவா?"

"அந்நேரத்துக்குக் கதவைத் தட்டினா அடிக்கத்தான் வருவாங்க. முன்கேட்ல நில்லுங்க. இப்போ எல்லாரும் அந்த வழியாத்தானே போயாகணும்."

ஞாயிறும் திங்களும் அவர் தாள் தயாரித்தார். ஒப்புதலா மறுப்பா என்ற பழைய இரண்டு கட்டத்தை எடுத்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர், அதில் பின்கேட் வழியாகப் போகிறவர் யார், எத்தனை மணிக்கு, என்ன தொல்லை என்று நாலு கேள்வி போட்டார். மனைவி படித்துப் பார்த்து, எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அவசரத்தில் போகிறவர்கள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் வாதம்.

செவ்வாய்க்கிழமை ஐந்தடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே மீட்டர்காரர் முன்கேட்டில் போய் நின்றார். நின்றது பழைய மாதிரிதான், பக்கவாட்டில். அவர் பதினோரு வருஷமாக வசிக்கிற குடியிருப்பிலிருந்து அவர் பார்த்தேயிராத மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ரொட்டிக் கூடத்துக்காரர், பால் வண்டி டிரைவர், சேர்ந்து நடக்கிற இரண்டு நர்ஸுகள், எதிர்த் திசையில் தூங்கி வழிந்தபடி வருகிற வாட்ச்மேன்கள். ஒருவரும் நிற்கவில்லை. அவர் நீட்டிய தாளைப் பார்த்ததும் ஒருவர், "வேணாம் சார், வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடினார். அது என்ன என்று மீட்டர்காரருக்கு இன்றுவரை புரியவில்லை.

ஐந்து ஐந்துக்கு ட்ரே அக்கா வந்தார். நிலவரத்தைப் பார்த்தார். மீட்டர்காரர் கையிலிருந்து பாதித் தாளை உருவிக்கொண்டு வழியின் நடுவில் போய் நின்றார்.

"தம்பி, நில்லு. பின்கேட் விஷயம்."

"அக்கா, பஸ் போயிடும்."

"யாரு உன்னை நிறுத்தினா? நடந்துகிட்டே சொல்லு. கதவு நம்பர் என்ன, எத்தனை மணிக்குப் போற? சார், கூட நடங்க. எழுதிக்கங்க."

மீட்டர்காரர் கூட நடந்தார். பத்தடி நடந்து எழுதிவிட்டு, திரும்பி ஓடிவந்து அடுத்தவரோடு நடந்தார். கூட நடக்கும்போது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள வழியில்லை. முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

பால் வண்டி டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம காலனிக்குச் சங்கம்னு ஒண்ணு இருக்கா? இத்தனை நாள் எங்க சார் இருந்தீங்க?"

"இங்கதான். பத்து மணிக்கு."

"நாங்களும் இங்கதான் சார். அஞ்சு மணிக்கு."

முதல் பஸ் போன சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. மீட்டர்காரர் திடுக்கிட்டு ட்ரே அக்காவைப் பார்த்தார். "நீங்க கிளம்பலையாம்மா?"

"இன்னைக்கு மத்தியான முறைக்கு மாத்தி வாங்கிட்டேன் சார். அங்க பாருங்க, ரெண்டு பேர் நழுவுறாங்க."

ஏழு மணி வரை நின்றார்கள். நாற்பத்துமூன்று வீட்டின் தாள் அந்தக் காலையிலேயே நிரம்பியது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை அவர் தனியாக நின்றார். காலையில் பதில் சொன்னவர்களே வேலை முடிந்து திரும்பும்போது வீட்டுக்காரர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் நூற்று ஒன்பது வீட்டின் தாள் சேர்ந்தது. முன்பு சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட வீடுகளில் பாதிக்கு மேல், அப்பா பூட்டச் சொல்லியிருந்தார், மகளுக்கு அது பஸ்ஸுக்குப் போகிற வழி. அப்பாவுக்கே அது அப்போதுதான் தெரிந்தது.

புதன் சாயங்காலம் ஐந்து மணிக்கு பி பிளாக்கின் வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். வழக்கமாகப் பதினைந்து பேர் வருவார்கள். அன்று நாற்காலி போதாமல் வண்டிகள் மேல் உட்கார்ந்தார்கள். மீட்டர்காரரின் மனைவி இரண்டாவது வரிசையில் இருந்தார். ட்ரே அக்கா தூணோரம் நின்றார். மீட்டர்காரர் எழுந்து, எழுதி வைத்திருந்த கடிதத்தை வாசித்தார். முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. முப்பத்திரண்டு வீட்டை நான் கேட்கவில்லை, கேட்டதாக எழுதினேன் என்று.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கேக்காம எப்படி எழுதினீங்க?"

"சராசரி போட்டேன்."

"என்னது?"

"கதவு பூட்டியிருந்தா சராசரி போடுறது எங்க ஆபீஸ் வழக்கம்."

"ஏன்யா, மனுஷன் அபிப்பிராயத்துக்கு சராசரியா?"

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அப்போ எனக்கு எத்தனை யூனிட் வந்தது சார்?" கூட்டம் சிரித்தது. மீட்டர்காரரின் காது சிவந்தது. அவர் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "தப்பு என்னுது. அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கிறேன். வேற செயலாளர் வேணும்னா அதையும் இன்னைக்கே பேசிக்கலாம். முதல்ல இதைக் கேளுங்க" என்று புதுத் தாள்களை எடுத்தார். ஒவ்வொரு வீடாக வாசித்தார். ஐந்து ஐந்து, இரண்டு பேர். ஐந்து பத்து, ஒருவர். நாலு ஐம்பது, உள்ளே வருகிறவர் ஒருவர். வாசித்து முடிக்க இருபது நிமிஷம் ஆனது. நூற்று ஒன்பது வீட்டில் அறுபத்தெட்டு வீட்டுக்கு அந்த கேட் தினமும் வேண்டியிருந்தது.

கட்டைவிரல் நசுங்கிய கம்பவுண்டர் கையைத் தூக்கினார். "நான் வண்டி வேணாம்னுதான் சொன்னேன். மனுஷங்க வேணாம்னு எப்போ சொன்னேன்? நடுவுல மூணு கம்பத்தை நடுங்க. ஆள் போகட்டும், வண்டி போகாது."

யாரும் மறுக்கவில்லை. தலைவர் கடிதத்தை வாங்கி, இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேறு செயலாளர் பற்றிய பேச்சை எடுக்க ஆளில்லை. எடுத்தால் தன் தலையில் விழும் என்ற பயமும் காரணமாக இருக்கலாம்.

பட்டியலும் கடிதமும் அன்று சாயங்காலமே உதவிப் பொறியாளர் கைக்குப் போயின. வெள்ளிக்கிழமை செங்கல் ஏற்றி வந்த வண்டி அப்படியே திரும்பிப் போனது. பூட்டு கழன்றது. அடுத்த வாரம் மூன்று இரும்புக் கம்பங்கள் வந்தன. சங்கம் இப்போது எதைக் கேட்பதானாலும் விடியற்காலை, முன்மதியம், சாயங்காலம், ஞாயிற்றுக்கிழமை என்று நாலு வேளை கேட்கிறது. அறிவிப்புப் பலகையை வேனுக்குப் பின்னாலிருந்து பெயர்த்துப் பின்கேட்டின் வெளிப்புறம் மாட்டியிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு வேறு எதையும் படிக்க வழியில்லை.

விடியற்காலைச் சுற்றில் மீட்டர்காரர் அதற்குப் பிறகு ட்ரே அக்காவைப் பார்க்கவில்லை. முறை மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மாசம் கழித்து அவர் மனைவி மருந்துக் கடையில் ட்ரே அக்காவின் வாட்ச்மேன் புருஷனைச் சந்தித்தார். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டபோது அவர் சொன்னது இது. தன் மனைவி இப்போது கடைவீதியில் ஒரு தையற்கூடத்துக்கு ஒன்பது மணிக்கு நடந்து போகிறார். ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கேட் திறந்த அந்த மாசக் கடைசியோடு முடிந்துவிட்டது. நாலாவது குறி, முன்கேட்டில் நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை விழுந்தது. அந்தச் சமையற்கூடத்தில் தற்காலிக ஆட்களுக்கு மத்தியான முறை என்று ஒன்று கிடையாது.